மொட்டைமாடி சோலாருக்கு பேட்டரியா? அடேங்கப்பா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

மாடியில் சோலார் போட்டாயிற்று. பகலெல்லாம் அமர்க்களமாக ஓடுகிறது. பொழுது சாய்ந்ததும்? ஒரு பேட்டரியைச் சேர்த்துவிட்டால், மத்தியான வெயிலே நள்ளிரவில் உங்கள் மின்விசிறியைச் சுழற்றும்! அதற்குள் எத்தனை அதிசயங்கள் என்று பாருங்கள்.

வெயில் காய்ந்தாலும் சோலார் நின்றுவிடும், தெரியுமா?

பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைந்திருக்கும் ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும்! கோளாறு என்று பதறாதீர்கள். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதே, அதற்கான உயிர்காப்பு ஏற்பாடு இது. பேக்கப் வசதியுள்ள பேட்டரி இருந்தால், வெளி லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு, உள்ளே ஒரு குட்டி மின்நிலையமே ஓடத் தொடங்கும்!

பழைய பேனலைக் கழற்றவே வேண்டாம், தெரியுமா?

பேட்டரி சேர்க்க வழி இரண்டு. இருக்கும் இன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிட்டு, பேட்டரிக்கென்று தனி இன்வெர்ட்டர் வைக்கலாம், இது ஏ.சி. (மாறுமின்) கப்ளிங். அல்லது பழைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஹைபிரிட் இன்வெர்ட்டர் மாட்டலாம், இது டி.சி. (நேர்மின்) கப்ளிங். முதல் வழியில், பேட்டரி வழியாக வரும் மின்சாரம் டி.சி., ஏ.சி., மறுபடி டி.சி., மறுபடி ஏ.சி. என மூன்று முறை உருமாறுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாகி வீணாகும். ஆனால், வேலை சுலபம்!

இன்வெர்ட்டர்கள் ரகசியம் பேசும், தெரியுமா?

நம் ஊர் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கரண்ட் இல்லாத பகலில் பேட்டரி நிரம்பிவிட்டால், பேட்டரி இன்வெர்ட்டர் அந்த எண்ணைச் சற்றே உயர்த்தும். சோலார் இன்வெர்ட்டர் சட்டென்று புரிந்துகொண்டு உற்பத்தியைக் குறைக்கும். பல ஏ.சி. கப்ளிங் அமைப்புகளில், இந்தச் சேதிக்கென்று தனி வயர்கூடக் கிடையாது!

இதில் ஒரு தமிழர் இருக்கிறார், தெரியுமா?

இன்று வீடுகளுக்கு அதிகம் வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை, அவற்றுக்குப் பதில் இரும்பும் பாஸ்பேட்டும்தான்! 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு இதைக் கண்டறிந்தது. அதற்கு அடித்தளமிட்ட 1980-களின் ஆய்வுகளில் அவரோடு உழைத்தவர், மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் 97 வயதில் குட்இனஃப் நோபல் பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவரும் இவரே!

பேட்டரியில் பாதிதான் நமக்கு, தெரியுமா?

1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரிதான் இன்றும் நம் வீட்டு யு.பி.எஸ்.ஸில் உட்கார்ந்திருக்கிறது! 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். நீண்ட நாள் உழைக்க, ஏறக்குறைய பாதியைத்தான் எடுக்க வேண்டும். லித்தியத்திலோ 80 சதவீதத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம்!

வீடுகள் சேர்ந்தால் மின்நிலையம், தெரியுமா?

ஆஸ்திரேலியாவில் 40 லட்சத்துக்கும் அதிகமான கூரைகளில் சோலார்! ஏற்கெனவே சோலார் வைத்திருப்பவர்களும் பேட்டரி வாங்கட்டும் என்று, 2025 ஜூலை 1 முதல் அந்த அரசு ஏறத்தாழ 30 சதவீதம் விலைச்சலுகை தரத் தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான வீட்டு பேட்டரிகளை இணையத்தால் கோத்து, ஒரே மின்நிலையம்போல இயக்குகிறார்கள்!

வாங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். மாலை முதல் காலை வரை எத்தனை யூனிட் செலவாகிறது என்று ஒரு வாரம் மீட்டரைப் பார்த்துக் குறித்துவையுங்கள். உங்கள் இன்வெர்ட்டருக்கு எந்த வழி பொருந்தும், கரண்ட் போனாலும் ஓடுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பேட்டரியை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். வெப்பம்தான் அதன் ஆயுளைத் தின்னும்.