பலகையை மாற்றுமுன்

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது; வண்ணப் படம் 1978-இல் வந்தது. பழைய ஒளிபரப்பு முறை 2019-இல் நின்றாலும், படக்குழாய்ப் பெட்டியை எறிய மனமில்லாதவர் குளுவாங் தோட்டத்து வீடுகளில் நம்மிடையே உண்டு.

படம் மறைந்தால், "போர்டு போய்விட்டது" என்கிறோம். பல வேளைகளில் அது உண்மையல்ல. பெட்டி ஓடும்போது பலகை சூடாகிறது, நிறுத்தினால் குளிர்கிறது. இப்படி விரிந்து சுருங்கியே, கனமான உறுப்புகளின் கால்களில் உள்ள ஈயப்பற்று மோதிரம்போல் வெடிக்கிறது. தட்டினால் படம் வருகிறதா? இதுவே காரணமாக இருக்கலாம். மீண்டும் பற்றவைத்தால் போதும். தலை உப்பிய மின்தேக்கியை அதே அளவுள்ளதாக மாற்றலாம். கருகிய பலகையைத்தான் முழுதாக மாற்ற வேண்டும். அதற்கும் எண் பொருந்த வேண்டும். மூன்று குழாய் கொண்ட பழைய புரொஜெக்டருக்கும் இதுவே முறை.

ஆனால், மூடியை நாமே திறக்கலாகாது. படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயில் தங்கியிருக்கும். பிள்ளைகளையும் அருகே விடாதீர்கள். பழகிய பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, "முதலில் ஈயப்பற்றைப் பாருங்கள்" என்று சொல்லுவோம். காசும் மிஞ்சும், உயிரும் தப்பும்.