லாரி ஓட்டுநரும் முக்கால் மணி ஓய்வும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெரிய லாரி ஓட்டப் புகும் இளைஞர் முதலில் கற்க வேண்டியது, வண்டியை எப்போது நிறுத்துவது என்பதையே. 2006-ஆம் ஆண்டின் 561-ஆம் எண் விதிமுறைப்படி, நாலரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் இளைப்பாற வேண்டும். அதை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் முதலில் 15, பின்னரே 30. வரிசை மாறினால் செல்லாது! புதியவர் இடறக்கூடிய இடம் இதுவே. நாளொன்றுக்கு ஓட்டும் நேரம் 9 மணி. வாரத்தில் இருமுறை மட்டும் 10 மணி.

சரக்கு இறக்கும் நேரத்தை ஓய்வுக் கணக்கில் சேர்க்கலாமா? கூடாது. களைப்பாறுவதற்கென்றே ஒதுக்கிய நேரந்தான் ஓய்வு.

நம் உள்ளத்தைத் தொட்டது பிறிதொரு விதி. பாதுகாப்புக்குக் கேடு வருமாறு, ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு ஊதியம் தருவதை அது முதலாளிக்குத் தடை செய்கிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு கூலியென்றால், கண்ணயரும் ஓட்டுநரும் வண்டியை நிறுத்த மனங்கொள்வாரோ?