அலையாத்திக் காடும் ஆழிப்பேரலையும்

நம் மேனாம்பேட்டில் கடலோசை கேட்பதில்லை. எனினும், 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், டிசம்பர் 26, ஞாயிறன்று எழுந்த ஆழிப்பேரலையை நம் குடும்பங்கள் மறந்திரா. வேளாங்கண்ணி சென்ற யாத்திரிகர் பலர் மாண்ட நாளன்றோ!

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. அதன் அறிஞர் கதிரேசனும் இராஜேந்திரனும் அப்பகுதியின் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டனர். கடலுக்கு அண்மையில், தாழ்நிலத்தில் இருந்த குப்பங்களில் சாவு மிகுதி. அலையாத்திக் காட்டின் பின்னிருந்தவற்றில் குறைவு. அலையின் வேகத்தைக் காடு தணித்தது என்பது அவர்கள் துணிபு.

மறுத்தோரும் உண்டு. அதே கணக்கை 2006-இல் மீண்டும் ஆய்ந்த வேறு அறிஞர், காத்தவை தூரமும் மேடுமே என்றனர். இத்தகைய வழக்காடலையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

குடியிருப்பு கடலை விட்டு விலகி மேட்டில் அமையவேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். ஆனால், படகும் வலையும் கரையில் கிடக்க, மீனவன் எவ்வளவு தூரம் விலகுவான்?