போர்வையில் மாவு பிசையும் பூனை

ராத்திரி நீங்கள் படுத்ததும் உங்கள் வீட்டுப் பூனை ஓடி வந்து போர்வையில் மாவு பிசைகிறதா? பிசைவதோடு நிற்காமல், போர்வை முனையை வாயில் வைத்துச் சப்புகிறதா?

ஈப்போ தாமான் வீடோ, சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டத்து லயமோ, பாட்டியின் கைலிக்கு இந்தக் கதி உண்டு! பசியால் இல்லை, சேட்டையும் இல்லை. குட்டியாக இருந்தபோது தாயின் மடியை முன்னங்கால்களால் மாறி மாறி அழுத்தித்தான் அது பால் குடித்தது. அழுத்த அழுத்தப் பால் சுரக்கும். அந்தச் சுகம் வளர்ந்த பிறகும் மறப்பதில்லை. மெத்தென்ற துணி காலில் பட்டால் போதும், அம்மா மடிதான்.

துணி சப்பும் பழக்கம் சயாம் பூனைகளிடம் கொஞ்சம் அதிகம். நம் பேராவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் வருகிற தாய்லாந்துதான் அவற்றுக்குப் பூர்வீகம். தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்த குட்டிகளிடமும் இதைப் பார்க்கலாம்.

சும்மா சப்பினால் விட்டுவிடுங்கள். நூலைப் பிய்த்து விழுங்கினால் மட்டும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நூல் குடலில் சிக்கிக்கொள்ளும்.

கைலி ஓட்டையான விஷயத்தை மட்டும் பாட்டியிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்!