பலகை நின்றது, காடு நின்றதா?

குன்றின் உச்சியிலே ஒருவன் வீடு கட்டினான். ஏறப் பாதையில்லை, உள்ளே எடுத்துச் செல்லப் பொருளுமில்லை. அந்த வீட்டுக்கும் ஒரு காவல்காரன்! ஆண்டு முடிந்ததும் வந்து நின்றான். "ஐயா, ஊரெல்லாம் திருட்டு. நம் வீட்டில் ஒரு துரும்புகூடக் காணாமல் போகவில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்" என்றான். கொடுக்கலாமா?

சிரிக்கிறீர்கள். ஆனால், காடு காத்த கணக்கை அரசுகள் காட்டும்போது மட்டும் நாம் சிரிப்பதில்லை, கைதட்டுகிறோம். "பூங்கா என்று அறிவித்தோம், பலகை நட்டோம். வெளியே மரம் விழுந்தது, உள்ளே நிற்கிறது. பாரீர் சாதனையை!" என்கிறார்கள். நிற்கிறது; மறுப்பாரில்லை. பலகை நின்றதால் மரம் நின்றதா, வெட்ட எவனும் வரமாட்டான் என்பதால் நின்றதா?

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டுப் பார்த்த இடம் கோஸ்ட்டா ரிக்கா. நடு அமெரிக்காவிலே சின்னஞ்சிறு நாடு. பரப்பிலே தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. 1948லே பட்டாளமே வேண்டாமென்று கலைத்த நாடு. துப்பாக்கியை இறக்கி வைத்தார்கள், கோடரியைத்தான் இறக்கவில்லை. மாடு மேய்க்கவும் பயிர் வைக்கவும் காடு காடாக அழித்தார்கள்; மறுபுறம் பூங்காக்களையும் அமைத்தார்கள். 1960 முதல் 1997 வரை அங்கு நடந்ததை ஆண்டம், ஃபெராரோ, ஃபாஃப் உள்ளிட்ட ஐந்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து, 2008லே அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார்கள்.

எப்படி அளந்தார்கள்? உள்ளே அழிந்தது இவ்வளவு, வெளியே அழிந்தது இவ்வளவு என்று கழித்துப் பார்த்து முடித்துவிடவில்லை. உள்ளே இருப்பது செங்குத்தான சரிவு, வெளியே இருப்பது சமவெளி என்றால், இரண்டையும் ஒரே தராசில் வைத்து என்ன பயன்? ஆகவே, உள்ளே ஒரு துண்டு நிலத்தை எடுத்தால் வெளியே அதற்கு இணையைத் தேடினார்கள். நிலத்தின் தன்மை அதே மாதிரி, சாலைக்குள்ள தொலைவு அதே மாதிரி, காட்டின் ஓரத்துக்குள்ள தொலைவும் அதே மாதிரி. இதற்குச் சட்டத்தின் காவல் உண்டு, அதற்கு இல்லை, வேறுபாடு அவ்வளவே. காவல் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் கண்ணால் காண முடியாது. இணையைக் கண்டுதான் மதிப்பிட வேண்டும்.

கிடைத்த விடை என்ன? காக்கப்பட்ட காட்டிலே நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு, காவல் இல்லாதிருந்தால் அழிந்திருக்கும். மீதி, பலகை இல்லாவிட்டாலும் நின்றிருக்கும்! பழைய கழித்தல் கணக்கோ, காப்பாற்றிய அளவை 65 விழுக்காட்டுக்கும் மேலாக மிகைப்படுத்திக் காட்டியது. உள்ளே தடுத்தால் பக்கத்துக் காட்டில் போய் வெட்டமாட்டார்களா என்றும் ஆராய்ந்தார்கள். அப்படி நகர்ந்த அழிவு அங்கே மிகச் சொற்பம்.

"பத்துதானா? அப்படியானால் பூங்காவைக் கலை, மரவாடியைத் திற!" என்று ஒரு கூட்டம் கிளம்பும். பொறுங்கள், ஐயா! காவலே வீண் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. காவல்காரனை நிறுத்திய இடம் சரியில்லை என்கிறது. அதே நாட்டைப் பற்றி 2009லே வந்த ஆய்வைப் பாருங்கள். சாலைக்கு அருகே, தலைநகரான சான் ஹோசேக்கு அருகே, சரிவு குறைந்த நிலத்திலே அமைந்த பூங்காக்கள்தாம் அதிகம் காத்திருக்கின்றன. அதே ஆண்டு 147 நாடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டதென்ன? காப்பிடங்கள் பெரும்பாலும் உயரத்திலே, செங்குத்திலே, சாலைக்கும் நகருக்கும் தொலைவிலே!

ஏன்? நல்ல நிலத்துக்குச் சொந்தக்காரன் உண்டு. சொந்தக்காரனுக்குச் செல்வாக்கு உண்டு. பாறைக்காக எந்த மந்திரியிடம் யார் போய் நிற்பார்கள்?

பூங்கா வந்தால் பக்கத்து ஏழை நசுங்குவானே என்ற அச்சம் நமக்கும் உண்டு. கோஸ்ட்டா ரிக்காவையும் தாய்லாந்தையும் இதே இணை முறையில் அளந்த 2010ஆம் ஆண்டு ஆய்வு, சராசரியில் வறுமை கூடவில்லை, குறைந்தது என்றது. சராசரி என்பதை மறக்க வேண்டாம். சராசரிக்குள்ளே பட்டினி கிடப்பவனும் இருப்பான்.

2022 டிசம்பரில் மாண்ட்ரியாலில் கூடிய நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பதென ஒப்பினார்கள். நல்ல செய்தி, வரவேற்கிறோம். அந்த முப்பதை எங்கே தேடப் போகிறார்கள்? கோடரி வந்து நிற்கும் சாலையோரத்திலா, குன்றின் உச்சியிலா? ஆண்டறிக்கையிலே பரப்பளவுக்கு ஒரு பத்தி இருக்கிறது. காவலால் பிழைத்த காடு எவ்வளவு என்று அதன் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போடுங்கள் என்று கேட்கிறோம்.