சிறுகோள் பிடிக்கும் பள்ளிக்கூடம்

'சிறுகோள் கண்டுபிடித்த மாணவிக்கு நாசா பாராட்டு' என்று ஆண்டுக்கு நாலைந்து செய்தியாவது வந்துவிடுகிறது. மாணவியின் கையில் சான்றிதழ், பக்கத்தில் தலைமையாசிரியர், பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை. அப்படியொரு செய்தியைப் படித்த அறிவியல் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "இது நிஜமா? நிஜமென்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்குமா? எவ்வளவு செலவாகும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்: செலவு ஏதுமில்லை. இரண்டாவதற்கு: கிடைக்கும். முதல் கேள்விதான் வில்லங்கமானது.

இந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊற்றுக்கண், டெக்சாஸில் உள்ள ஹார்டின்-சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் மில்லர் 2006இல் தொடங்கிய ஐ.ஏ.எஸ்.சி. என்ற தேடல் திட்டம். நாசா ஆதரிக்கும் மக்கள் அறிவியல் திட்டங்களில் அதுவும் ஒன்று என்பதால் சான்றிதழில் நாசாவின் பெயர் இருக்கும். மற்றபடி, நாசா தலைமையகத்தில் யாரும் நம் மாணவிக்காக எழுந்து நின்று கைதட்டவில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியின் ஹலேயகாலா மலைமேல் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்கள், பதிவுசெய்த குழுக்களுக்கு இணையம் வழியே வந்துசேரும். அவற்றை அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் திறந்து, நகரும் புள்ளிகளைத் தேடி, இடத்தை அளந்து அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் 80 எழுத்துகள்தான் இடம். கணினிகள் துளையிட்ட அட்டைகளைப் படித்த காலத்தின் மிச்சம் அது. வானியலாளர்கள் எதையும் எளிதில் தூக்கிப் போடமாட்டார்கள்.

தேடல் என்பது வார இதழ்களில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' புதிர்தான். வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளியில் நான்கு முறை படமெடுத்திருப்பார்கள். மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாற்றி மாற்றிக் காட்டும். நட்சத்திரங்கள் அசையாது. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தத்தித் தத்திப் போகும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வலயத்துச் சிறுகோள் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும்போது, ஒரு மணி நேரத்தில் முழுநிலாவின் அகலத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு தூரம் நகரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது நகரும் திசை. அது மேற்கு நோக்கிப் போகும், அதாவது தான் உண்மையில் ஓடும் திசைக்கு எதிராக. சிறுகோளின் வேகம் நொடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், பூமியின் வேகமோ 30. உள்வட்டத்தில் ஓடும் நாம் அதை முந்துவதால் அது பின்வாங்குவதாகத் தெரிகிறது. வகுப்பறைத் திரையில் புள்ளியைத் துள்ளவைப்பது, மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் பூமியின் ஓட்டம்தான்.

புதிருக்கு வருவோம். வார இதழில் அச்சு மை ஈஷிக்கொண்டால் அதையும் ஏழாவது வித்தியாசமென்று பிள்ளைகள் வட்டமிட்டுவிடுவார்கள். இங்கேயும் மை ஈஷல் உண்டு. அண்டவெளியிலிருந்து வரும் துகள் ஒன்று கேமராச் சில்லைத் தாக்கினால் அந்தப் படத்தில் மட்டும் ஒரு புள்ளி முளைக்கும். பழுதான பிக்சல் பொய்யாக ஒளிரும். இரண்டு படங்கள் மட்டும் இருந்தால் எந்த இரண்டு மை ஈஷல்களையும் நேர்கோட்டால் சேர்த்து 'கண்டுபிடித்தேன்' என்று சொல்லிவிடலாம். மூன்றாவது படம் சந்தேகம் கேட்கும். நான்கிலும் புள்ளி ஒரே கோட்டில், படங்களின் இடைவெளிக்கு ஏற்ற தூரத்தில், ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் இருந்தால்தான் நம்பலாம். அப்போதும் முழுக்க நம்ப முடியாது. மங்கலான படத்தில் நான்கு ஈஷல்கள் தற்செயலாக வரிசையில் நின்றுவிடுவதும் உண்டு. வார இதழில் விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டிருப்பார்கள். இங்கே பத்திரிகை ஆசிரியருக்கே விடை தெரியாது. விடை வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஏன் அத்தனை ஆண்டுகள்? சூரியனைச் சுற்றும் எந்தப் பொருளின் பாதையையும் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். ஒரு கணத்தில் அது இருக்கும் இடத்துக்கு மூன்று, வேகத்துக்கும் திசைக்கும் மூன்று. ஒவ்வொரு படமும் வானில் இரண்டு கோணங்களைத் தருகிறது. நான்கு படங்களுக்கு எட்டு எண்கள், தேவைக்கு மேலேயே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் புள்ளி வளையாமல், சீராக நகர்கிறது. அதனால் அந்த எட்டும் உண்மையில் நான்குதான்: எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு, எந்தப் பக்கம் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதற்கு இரண்டு. எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரியாது. நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லும் தூரத்தில் இருக்கும் பெரிய பாறையும் ஒரே புள்ளியாக, ஒரே நடையில் போகக்கூடும். இந்த முடிச்சு அவிழ வேண்டுமானால் பாதை வளைவதைப் பார்க்க வேண்டும். வளைவு தெரிய இரவுகள் பல ஆக வேண்டும். 1801இல் பலெர்மோவில் வானியலாளர் பியாஸி, சீரிஸ் என்ற சிறுகோளை 41 நாள் பின்தொடர்ந்தார். அது சூரிய ஒளியில் மறைந்துபோன பிறகு, அந்தச் சில அளவீடுகளை வைத்து 24 வயதுக் கணிதவியலாளர் காஸ் பாதையைக் கணக்கிட்டுக் கொடுக்க, ஆண்டு முடிவதற்குள் மீண்டும் பிடித்தார்கள். நம் மாணவியிடம் இருப்பது ஒரு மணி நேரம். காஸே வந்தாலும் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே மாணவி அனுப்புவது முதற்கட்ட அறிக்கை. அடுத்த சில இரவுகளில் அதே பொருள் மறுபடி அகப்பட்டால், சிறுகோள் அளவீடுகளைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டர் தற்காலிகக் குறியீடு தரும். பிறகு அது சூரியனைச் சுற்றிவரும்போது மீண்டும் மீண்டும் பார்த்து, பாதை உறுதியானால்தான் நிரந்தர வரிசை எண். அதற்குச் சாதாரணமாக 6 முதல் 10 ஆண்டுகள் ஆகும். பெயர் பரிந்துரைக்கும் உரிமை அதற்கும் பிறகுதான். பல அறிக்கைகள் முதல் படியோடு நின்றுவிடும். செய்தித்தாளில் வரும் சான்றிதழ்கள் பெரும்பாலும் இந்த முதல் படிக்கு உரியவை.

வரலாறு இல்லாமல் கட்டுரை எழுதினால் கடிதம் வரும் என்பதால் இதோ: 1861இல் சென்னை நுங்கம்பாக்கம் வான்காணகத்திலிருந்து போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். வரிசை எண் 67, பெயர் ஆசியா. 1988இல் ஜவ்வாது மலையின் காவலூரில் ராஜமோகன் குழுவினர் புகைப்படத் தகடுகளில் கண்டுபிடித்தது 4130ஆம் எண், பெயர் ராமானுஜன். இன்று நமக்குத் தெரிந்த சிறுகோள்கள் 13 லட்சத்துக்கும் மேல்.

பள்ளிப் பிள்ளைகள் தேடாவிட்டால் வானியல் நின்றுவிடாது. தானாகத் தேடும் மென்பொருள்கள் நகரும் பொருள்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடுகின்றன. சிலியில் உள்ள ரூபின் வான்காணகம் 2025இல் வெளியிட்ட முதல் படங்களில், சுமார் 10 மணி நேரப் பார்வையிலேயே 2104 புதிய சிறுகோள்கள் அகப்பட்டன. 'நம் மாணவர்கள் பூமியைக் காக்கிறார்கள்' என்ற வசனத்தை விழா மேடையோடு விட்டுவிடுவது நல்லது. இதன் பயன் வேறு. பாடப்புத்தகச் சோதனைகளில் விடை முன்பே தெரியும். தவறு வந்தால் மாணவன் சரியான விடையைப் பார்த்து எழுதிவிடுவான். பார்த்து எழுத விடையே இல்லாத அளவீடு ஒன்று பள்ளியில் கிடைப்பது அபூர்வம். இந்தத் திட்டத்தின் மதிப்பு அதுதான், எனக்கு அது போதும்.

ஆசிரியைக்குச் சில யோசனைகள். விண்டோஸ் கணினி ஒன்றும் இணையமும் இருந்தால் தொடங்கலாம். அறுபது பேரை ஒரே திரைமுன் நிறுத்த வேண்டாம், நாலைந்து பேர் கொண்ட குழுவே சரி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மாணவி 'இது சிறுகோள்' என்று வாதாடட்டும், இன்னொருத்தி 'இல்லை' என்று மறுக்கட்டும். தள்ளுபடியான புள்ளிகளையும், ஏன் தள்ளினோம் என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள். எண்ணிக்கைக்காகக் கண்டதையெல்லாம் அறிக்கையில் சேர்க்காதீர்கள். இடையில் யாராவது 'நாசா பயிற்சிக் கட்டணம்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஐ.ஏ.எஸ்.சி. பங்கேற்பதற்குப் பணம் வாங்குவதில்லை.