எலஹங்கா வானத்தை அண்ணாந்து பார்த்த தருமபுரி: மறக்க முடியாத விமான சாகச நாள்கள்!

பிளேன் சத்தம் கேட்டால் போதும், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவார்கள். தருமபுரி மாவட்டத்து கிராமங்களில் ஒரு தலைமுறையே இப்படித்தான் வளர்ந்தது. கேழ்வரகுக் காட்டில் களையெடுப்பவர்கள்கூட நிமிர்ந்து, நெற்றியில் கை வைத்து, வெள்ளைக் கோடு மறையும்வரை பார்ப்பார்கள். தலைக்கு மேலே புள்ளியாகப் போன அந்த விமானத்தை, தலைகீழாகப் புரளும் சாகசத்தோடு கிட்டத்தில் பார்க்க முடியும் என்று தெரிந்தபோது சும்மா இருப்பார்களா? குடும்பத்தோடு பெங்களூரு கிளம்பிவிட்டார்கள்.

இன்று 40 வயதைத் தாண்டிய பலருக்கு, எலஹங்கா விமானப்படைத் தளத்தில் பார்த்த 'ஏரோ இந்தியா' கண்காட்சி கோயில் திருவிழா போல மனதில் பதிந்த விஷயம். அந்த நினைவுகளில் மகிழ்ச்சி நிறைய இருக்கிறது. சொல்லாமல் விடப்படும் சில துயரங்களும் இருக்கின்றன.

விமானம் செய்யும் ஊர், பக்கத்து ஊர்!

1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஓசூரும் இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அதாவது, மாவட்ட எல்லையைத் தாண்டினால் அடுத்து பெங்களூரு. பூ வியாபாரம், தக்காளி லோடு, கட்டட வேலை, கம்பெனி வேலை என்று எதற்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஊர்தான்.

இந்தியாவின் விமானத் தொழில் பிறந்ததும் அங்கேதான். வால்சந்த் ஹிராசந்த் 1940 டிசம்பரில் பெங்களூருவில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனமே பின்னாளில் எச்.ஏ.எல். ஆனது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானமான 'மாருத்' 1961-ல் பறந்தது பெங்களூரு வானில். 1964-ல் 'கிரண்' பயிற்சி விமானம், 2001 ஜனவரி 4-ல் இன்று 'தேஜஸ்' எனப்படும் இலகுரகப் போர் விமானம் என எல்லாவற்றின் முதல் பயணமும் அதே வானில்தான்.

அன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில், 1990-களிலேயே தனியார் விமானத் தொழிற்சாலையும் ஓடுதளமும் வந்துவிட்டன. இத்தாலிய நிறுவனத்தின் கூட்டுறவில், ஆறு பேர் அமரக்கூடிய சிறிய விமானங்களை அங்கே தயாரித்தார்கள். ராகி விளையும் பூமியில் விமானமும் தயாரானது பலருக்கு இன்றும் தெரியாது.

கட்டுச்சோறும் கழுத்து வலியும்

ஏரோ இந்தியா கண்காட்சி 1996 டிசம்பரில் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். 2001-லிருந்து பிப்ரவரி மாதம் அதற்கென்றே ஆகிவிட்டது. தை முடிந்து மாசி பிறக்கும் நேரம். மழை இருக்காது, மேகம் குறைவு. விமானம் பார்க்க அதைவிட நல்ல வானம் கிடைக்காது.

முதல் சில நாள்கள் வியாபாரப் பேச்சுக்கு. கடைசி நாள்கள்தான் பொதுமக்களுக்கு. தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர். எலஹங்கா, நகரத்தைக் கடந்து வடக்கே இருக்கிறது. நான்குவழிச் சாலை இல்லாத அந்த நாள்களில், காலைக் காட்சியைப் பிடிக்க வேண்டுமென்றால் நடுச்சாமத்திலேயே கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் முந்தின நாளே போய் பெங்களூரு உறவினர் வீட்டில் படுக்க வேண்டும். புளிசோறு, எலுமிச்சைச் சாதம், தண்ணீர் கேன், உட்கார ஒரு பழைய போர்வை. இதுதான் மூட்டை.

டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் ஒரு வகை. வாங்க முடியாதவர்களுக்கு பல்லாரி சாலை ஓரமும், தளத்தைச் சுற்றியிருந்த காலி நிலங்களும்தான் கேலரி. வானத்துக்கு ஏது மதில் சுவர்? வெளியே நின்றவர்களுக்கும் சாகசம் தெரிந்தது. உள்ளே நின்று ஹெலிகாப்டரைத் தொட்டுப் பார்த்ததும், விமானியிடம் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியதும் மட்டும்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாலையில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது கழுத்து வலி.

சத்தம் இங்கே, விமானம் எங்கே?

முதன்முறை பார்க்கும் குழந்தைகள் எல்லோரும் ஏமாந்த ஒரு விஷயம் உண்டு. சத்தம் வந்த திசையில் பார்த்தால் அங்கே விமானம் இருக்காது! காரணம் எளிது. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் நம் காதுக்கு வர ஏறக்குறைய 3 விநாடிகள் ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட், அந்த 3 விநாடிகளில் 750 மீட்டர் முன்னே போயிருக்கும். சத்தத்துக்கு முன்னால் தேட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இரண்டாவது சுற்றிலேயே கற்றுக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் இருந்த ஒலியின் வேகம் பலருக்குப் புரிந்தது அங்கேதான்.

வானில் விமானங்கள் வரையும் வெள்ளைப் புகையைப் பார்த்து, ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று பதறிய பாட்டிகளும் உண்டு. ஜெட் என்ஜினிலிருந்து வரும் கடும் வெப்பக் காற்றில் டீசலைப் பீய்ச்சினால், அது ஆவியாகி வெண்புகையாகத் திரளும். சாயம் கலந்தால் வண்ணப் புகை. அவ்வளவுதான் ரகசியம்.

சூர்ய கிரண், சாரங்: மனதில் நின்ற பெயர்கள்

ஏரோ இந்தியா என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சூர்ய கிரண் குழு. கர்நாடகத்தின் பீதர் விமானப்படைத் தளத்தில் 1996-ல் தொடங்கப்பட்டது. தமிழர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. இக்குழு மக்கள் முன்னிலையில் முதன்முதலாகப் பறந்துகாட்டியது அதே ஆண்டு செப்டம்பரில், நம் கோவையில்தான். முதலில் குறைந்த எண்ணிக்கையில் பறந்தவர்கள், பின்னர் ஒன்பது விமானங்களாக அணிவகுத்தார்கள். பறக்கும்போது ஒரு விமானத்துக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி சில சமயம் 5 மீட்டர்கூட இருக்காது. நம்மூர் ரோட்டில் இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இடைவெளி அது.

சிவப்பும் வெள்ளையுமாக வந்த அந்தப் பழைய கிரண் விமானங்கள் 2011 ஏரோ இந்தியாவோடு விடைபெற்றன. பயிற்சிக்கு விமானங்கள் தேவைப்பட்டதால் குழுவே நிறுத்தப்பட்டது. 2015-ல் 'ஹாக்' விமானங்களோடு மறுபடி வந்தார்கள். இடையில் வந்த நான்கு ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு சூர்ய கிரண் என்பது அப்பா சொன்ன கதை மட்டுமே.

இன்னொரு பெயர் சாரங். சம்ஸ்கிருதத்தில் மயில் என்று பொருள். மயில் வரைந்த 'துருவ்' ஹெலிகாப்டர்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். 2003-ல் உருவான இந்தக் குழுவின் இன்றைய வீடு கோவையை அடுத்த சூலூர்.

2007 கண்காட்சியை மறக்காதவர்கள் அதிகம். 69 வயது ரத்தன் டாடா, எஃப்-16 போர் விமானத்தில் துணை இருக்கையில் அமர்ந்து பறந்தார். மறுநாள் எஃப்-18. தாத்தா வயதில் ஒருவர் போர் விமானத்திலிருந்து சிரித்தபடி இறங்கிவந்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

கைதட்டலுக்குப் பின்னால்...

அதே 2007-ல் நடந்த மற்றொன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். கண்காட்சிக்குச் சில நாள்கள் முன்பு, பிப்ரவரி 2 அன்று ஒத்திகையில் சாரங் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. துணை விமானி ஸ்குவாட்ரன் லீடர் பிரியே ஷர்மா உயிரிழந்தார்.

2019 பிப்ரவரி 19. ஏரோ இந்தியா தொடங்குவதற்கு முந்தின நாள். எலஹங்கா அருகே ஒத்திகையில் இரண்டு சூர்ய கிரண் விமானங்கள் வானில் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். மற்ற இரு விமானிகள் பாராசூட்டில் தப்பினார்கள். அதே கண்காட்சியில், பிப்ரவரி 23 அன்று வாகன நிறுத்துமிடத்தில் தீப்பிடித்து சுமார் 300 கார்கள் எரிந்தன.

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் காட்டிய தேஜஸ் விழுந்து நொறுங்கியது. அதில் உயிரிழந்த விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால், சூலூரில் பணியாற்றியவர். அவர் உடல் முதலில் வந்து சேர்ந்ததும் சூலூருக்குத்தான்.

அந்தக் காலத்தில் தலைக்கு மேலேயே பறந்தது, இப்போதெல்லாம் தூரமாகப் போகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தத் தூரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1988 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில், இத்தாலிய சாகசக் குழுவின் விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்தில் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். 2002 ஜூலையில் உக்ரைனின் லிவிவ் நகரில் போர் விமானம் பார்வையாளர்கள் மேல் பாய்ந்ததில் 77 பேர் பலியானார்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகே கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது, பார்வையாளர்களிடமிருந்து இவ்வளவு தூரம் தள்ளியே சாகசம் செய்ய வேண்டும் என்ற விதிகள் உலகெங்கும் இறுகின. தூரம் கூடியது நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக.

இதில் வேடிக்கையான விதியும் உண்டு. ஏரோ இந்தியா சமயத்தில் எலஹங்காவைச் சுற்றி இறைச்சிக் கடைகளை மூடிவிடுவார்கள். 2025-ல் தடை 13 கிலோமீட்டர் சுற்றளவுக்கு! இறைச்சிக் கழிவுக்கு வட்டமிடும் பருந்துகள் விமானத்தில் மோதிவிடக் கூடாதே என்பதற்காக.

மெரினா சொன்ன பாடம்

ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பதைக் காட்டியது சென்னை. 2003-க்குப் பிறகு, 21 ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தது. 72 விமானங்கள். பார்க்க வந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று சொல்லப்பட்டது. காலை 11 மணி நிகழ்ச்சிக்கு விடியற்காலை முதலே கூட்டம். உச்சி வெயில், நிழலில்லாத மணல், நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே நேரத்தில் வீடு திரும்பிய நெரிசல். 5 பேர் உயிரிழந்தார்கள். ஏராளமானோர் மயங்கி விழுந்து மருத்துவமனை சென்றார்கள். விமானங்கள் ஒன்றுக்கும் எந்தக் கீறலும் இல்லை. இறந்தவர்கள் எல்லோரும், நம்மைப் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

பழைய எலஹங்கா பயணங்களில் தண்ணீர் கேனும் கட்டுச்சோறும் போர்வையும் சுமந்து போனதைச் சிலர் இன்று கேலியாக நினைவுகூர்வதுண்டு. அந்த மூட்டைதான் குடும்பத்தைக் காப்பாற்றியது என்பது மெரினாவுக்குப் பிறகே புரிகிறது.

அடுத்த முறை கிளம்பும் முன்...

2025 பிப்ரவரி ஏரோ இந்தியாவில் அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57 இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. 62 ஆண்டுகள் பறந்த மிக்-21, அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் ஓய்வுபெற்றது. இரண்டாண்டுக் கணக்குப்படி அடுத்த ஏரோ இந்தியா 2027-ல் வர வேண்டும். போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீராவது தேவைப்படும். பாட்டில் அனுமதி உண்டா, உள்ளே தண்ணீர் கிடைக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.
* தொப்பி, பருத்தி உடை கட்டாயம். கைக்குழந்தையின் காதுகளுக்கு ஜெட் சத்தம் ஆகாது. மற்ற குழந்தைகளுக்குக் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.
* சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, சாப்பிட்ட பிறகே வெயிலில் நிற்க வேண்டும். தலைசுற்றினால் உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும்.
* பிள்ளைகளின் சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.
* நிகழ்ச்சி முடிந்ததும் முண்டியடிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் நிம்மதி.

ஓசூரும் சேலமும் இன்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் மையங்களில் இரண்டு. இடையில் இருப்பது தருமபுரி. அன்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள் நாளை அதே விமானங்களின் பாகங்களைச் செய்யலாம், ஓட்டவும் செய்யலாம். 2016-ல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் போர் விமானிகளான பிறகு, பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அவர்களுக்குப் பழைய கதை சொல்லும் பெரியவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். வானில் இதயம் வரைந்த சூர்ய கிரணைப் பற்றிச் சொல்லும்போது, சாஹில் காந்தியின் பெயரையும் சொல்லுங்கள்.